ஹெட்டரில் பொய் எழுதாதவர்

அவர் போனில் பேசினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். "நான்தான், கம்ப்யூட்டர் ரூம்லேர்ந்து. ஸ்டோர்ஸ் கூடப் பேசறேன். விஷயம், பிரிண்டர் பேப்பர்" என்று மூன்று துண்டாகச் சொல்லிவிட்டு ஒரு மூச்சு நேரம் சும்மா இருப்பார். எதிர்முனையில் இருப்பவர் லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து "ஹலோ, ஹலோ" என்று கத்துவார். அதற்குப் பிறகுதான் இவர் நிதானமாக, "ரெண்டு கட்டு குடுத்தனுப்பு" என்பார். வீட்டுக்குப் பேசினாலும் இதே கூத்துதான். "நான்தான். உங்கிட்டதான். விஷயம், கொழம்பு." ஒரு மூச்சு. "இன்னா மீனு?"

பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று நம் எல்லோருக்கும் அடித்து அடித்துக் கற்றுக்கொடுத்தார்கள். பரீட்சை முடிந்ததும் நாம் அதை மறந்தோம். இந்த ஒரு மனிதர் மட்டும் மறக்கவில்லை. அதையே பிழைப்பாகவும் வைத்துக்கொண்டார். எங்கள் கம்பெனியின் இணையதளத்திலிருந்து போகிற மெயில்களையெல்லாம் அனுப்பும் ஸ்கிரிப்டுகளை எழுதியது அவர்தான். ஒவ்வொரு மெயிலின் தலையிலும் ஹெட்டர் என்று நாலைந்து வரிகள் இருக்கும். யார் அனுப்பியது, யாருக்கு, என்ன விஷயம், பதில் எங்கே போக வேண்டும். அந்த நாலைந்து வரிகளுக்காக அவர் யாரிடமும் சண்டை போடுவார். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது.

நான் அப்போது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்கிற அந்தக் கம்பெனியில், பேக்கிங் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்திருந்தேன். மணவாள நகரிலிருந்து காலை ஆறே காலுக்குக் கம்பெனி வேன். பெரியபாளையம் தாண்டும்வரை தூக்கம், கவரப்பேட்டை வந்தால் முழிப்பு. ஒரு வருஷம் ஒழுங்காக இருந்தால் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வருஷத்துக்குள் எச்.ஆர். மேனேஜருக்கு நம் மூஞ்சி பிடிக்காமல் போனாலும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். என் வீட்டுக்காரர் முதுகு வலியால் லாரி ஓட்டுவதை விட்டிருந்த சமயம் அது. அதனால் நான் சத்தமாகத் தும்மக்கூட மாட்டேன்.

அவருக்குப் பழவேற்காடு பக்கம் ஒரு குப்பம். வீட்டில் எல்லோரும் ஏரியில் வலை போடுகிறவர்கள். இவர் மட்டும் ஏன் வரவில்லை என்று கேட்டால், "தண்ணில எறங்கினா எனக்கு சளி புட்சிக்குது" என்பார். ஆனால் ஏரியின் சட்டம் அவர் ரத்தத்தில் இருந்தது. அங்கே சீட்டுப் போட்டு, எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று முறை வைத்திருக்கிறார்கள். பாடு என்று பெயர். "இன்னிக்கு யார் பாடுன்னு ஊருக்கே தெரியும். அடுத்தவன் பேரச் சொல்லி எறங்கினா வலைய அறுத்துடுவாங்க. மெயிலும் அப்டித்தான்" என்பார்.

அவர் சேர்வதற்கு முன்னால் யாரோ ஒருவர் செய்து கொடுத்த இணையதளத்தில், கஸ்டமர்கள் விசாரிப்பதற்கென்று ஒரு படிவம் இருந்தது. கஸ்டமர் எழுதினால், அவருடைய விலாசமே அனுப்புநர் இடத்தில் உட்கார்ந்து மெயிலாக வரும். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. இவர் வந்த முதல் வாரமே அதை மாற்றினார். முதலாளி கூப்பிட்டுச் சத்தம் போட்டார்.

"எழுதறது கஸ்டமர்தானேய்யா? அவர் பேர் வரணுமா, நம்ம பேர் வரணுமா?"

"எழுதறது அவரு சார். அனுப்பறது நம்ம சைட்டு. அடுத்தவன் ஊட்டு விலாசத்தப் போட்டு நாம லெட்டர் அனுப்பினா, இது திருட்டு லெட்டர்னு சர்வர் தூக்கிக் கடாசிடும்."

"அப்ப நான் எப்படி அவருக்குப் பதில் போடறது?"

"அதுக்கு ரிப்ளை-டுன்னு தனியா ஒரு வரி கீது சார். பதில் எங்க போவணுமோ அந்த விலாசம் அதுல இருக்கும். நீங்க ரிப்ளை அமுக்கினா நேரா அங்கதான் போவும்."

முதலாளி நம்பவில்லை. அன்றைக்கு மெயிலில் இருக்கும் குப்பைப் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் மூன்று மாதமாக எங்களிடம் வால்வு கேட்டு எழுதியிருந்தார். முதல் கடிதத்தில் "மதிப்பிற்குரிய ஐயா" என்றிருந்தது. நான்காவது கடிதத்தில் மரியாதை குறைந்து, ஏழாவதில் ஒரே ஒரு வார்த்தை இருந்தது. அதை இங்கே எழுத முடியாது. அதற்குப் பிறகு ஹெட்டர் விஷயத்தில் முதலாளி வாய் திறக்கவில்லை.

பெயர் எழுதும் கட்டத்தில் யாராவது என்டர் தட்டினால் அவருடைய ஸ்கிரிப்ட் அந்த மெயிலையே தூக்கிப் போட்டுவிடும். ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்டேன். "பேரக் கேட்டா ஒரே வரில சொல்றவன் யோக்கியன். பேருக்குள்ள என்டர் தட்டறவன் திருடன். அடுத்த வரில இன்னும் ஆயிரம் பேரு விலாசத்தச் சொருவிடுவான். நம்ம கம்பெனி பேர்ல ஊருக்கெல்லாம் லாட்டரி மெயில் போவும்" என்றார். இதை மனிதர்களுக்கும் வைத்துப் பார்ப்பார். ஒரு நாள் கேன்டீனில் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் வந்து, பெயரைச் சொல்லி, படிப்பைச் சொல்லி, வாங்கின கேடயங்களைச் சொல்லி, மறுபடியும் பெயரைச் சொன்னார். இவர் என் பக்கம் திரும்பி, "என்டர் தட்டறாம்மா" என்று சொல்லிவிட்டுத் தட்டோடு எழுந்து போய்விட்டார்.

லீவ் லெட்டரில்கூட அவரால் பொய் எழுத முடியாது. பொருள்: தூக்கம் வருவதால் விடுப்பு வேண்டி. எச்.ஆர். மேனேஜர், "ஜுரம்னு போடுய்யா, சாங்ஷன் பண்றேன்" என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். "ஜுரம் இல்லியே சார்" என்றார் இவர். லீவு கிடைக்கவில்லை. வந்து கொட்டாவி விட்டபடி வேலை பார்த்தார். அடுத்த மாதமும் அதே காரணத்தை எழுதிக் கொடுத்தார்.

இந்தக் குணத்தால் எனக்கு ஒரு முறை சரியான ஆப்பு விழுந்தது. சரக்கு வண்டி ஏறியதும் கஸ்டமருக்குத் தகவல் மெயில் அனுப்புவது என் வேலை. அதற்கு ஒரு ஃபைல் செய்து கொடுத்திருந்தார். மேலே ஹெட்டர் வரிகள், அப்புறம் ஒரு காலி வரி, அதற்குக் கீழே கடிதம். "மேல இருக்கறத தொடாத. காலி வரி வந்தா ஹெட்டர் முடிஞ்சிதுன்னு அர்த்தம். அதுக்குக் கீழ இன்னா இருந்தாலும் கடுதாசிதான்" என்று படித்துப் படித்துச் சொன்னார். எனக்கோ எதையும் நெருக்கமாக எழுதினால் மூச்சு முட்டும். ஹெட்டர் வரிகள் ஒன்றின் தலையில் ஒன்று ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல், நடுவில் அழகாக ஒரு என்டர் தட்டினேன்.

அந்த என்டருக்குக் கீழே, கஸ்டமருக்குத் தெரியாமல் யாருக்குக் காப்பி போக வேண்டும் என்ற ரகசிய வரி இருந்தது. அதில் இருந்தது முதலாளியுடைய மனைவியின் பெயரும் விலாசமும். கம்பெனியில் என்ன நடக்கிறது என்று முதலாளியம்மா வீட்டிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்த விஷயம் அன்றுவரை முதலாளிக்கும் இவருக்கும் மட்டும்தான் தெரியும். என் புண்ணியத்தில் அந்த வரி கடிதத்துக்குள் இறங்கிவிட்டது. கஸ்டமர் போன் செய்து, "உங்க கம்பெனில வண்டி கெளம்பினா வீட்டம்மாவுக்குக் கணக்கு சொல்லணுமாமே சார்?" என்று முதலாளியைக் கேட்டுவிட்டார்.

முதலாளி எங்கள் இரண்டு பேரையும் நிற்க வைத்து, "இதை யார் பண்ணது?" என்றார். நான் இவரைப் பார்த்தேன். ஏதோ சர்வர் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க வைப்பார் என்று நம்பினேன். "இவங்கதான் சார்" என்று என்னைக் கையால் காட்டினார்.

பத்து நாள் அவரோடு பேசவில்லை. "ஒரு வார்த்த மாத்திச் சொல்லியிருந்தா உங்க வாய்ல இருக்கற முத்து கொட்டிடுமா?" என்று பதினோராம் நாள் கேட்டேன். "கேட்டாரு, சொன்னேன்" என்றார். வருத்தப்பட்ட மாதிரியே தெரியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எச்.ஆர். மேனேஜர் ஒரு சர்க்குலர் ஒட்டினார். இனிமேல் தொழிலாளர்கள் குறைகளைக் கேன்டீனில் இருக்கும் கம்ப்யூட்டரில் எழுதலாம். அவரவர் டோக்கன் நம்பர் போட்டால் பக்கம் திறக்கும். ஆனால் பெயரும் நம்பரும் யாருக்கும் போகாது. பதில்கள் அனைவரும் அறியும்படி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். கீழே அவருடைய கையெழுத்து. ஸ்கிரிப்ட் எழுதும் வேலை இவருக்கு வந்தது. தனியாகக் கூப்பிட்டு மேனேஜர் சொன்னது வேறு. "எழுதறவன் டோக்கன் நம்பர ஹெட்டர்ல எங்கயாவது ஓரமா சொருவிடு. என் கண்ணுக்கு மட்டும் தெரியட்டும்."

"சர்க்குலர்ல போவாதுன்னு போட்டுக்கீறீங்களே சார்?"

"அது அவங்களுக்கு."

"அப்ப இத எனக்கு எழுத்துல குடுங்க சார்."

மேனேஜர் எழுதிக் கொடுக்கவில்லை. இவரும் சொருகவில்லை. இந்தப் பேச்சே எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.

எங்கள் பேக்கிங் பிரிவில் பன்னிரண்டு பெண்கள். பெண்கள் கழிவறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைச் சூப்பர்வைசர் வைத்திருந்தார். போகிறவள் ஒரு நோட்டில் பெயரும், போன நேரமும், வந்த நேரமும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அவசரம் வந்தவள் ஓடுவாளா, கையெழுத்துப் போடுவாளா? அந்த நோட்டுக்குக் கோடு போட்டு, தேதி எழுதி, சனிக்கிழமை கூட்டிப் பார்த்து யார் அதிக தடவை போனார்கள் என்று சொல்லும் வேலை கிளார்க்காகிய எனக்கு. எங்களில் ஒருத்தி ஆறு மாத கர்ப்பம். நோட்டில் அவள் பெயர்தான் அதிகம் வருகிறது என்று மேனேஜர் கேட்டதிலிருந்து அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். ஒரு புதன்கிழமை மயங்கி அட்டைப் பெட்டிகள் மேல் விழுந்தாள். நான் கோடு போட்ட நோட்டு.

மறுநாள் டீ நேரத்தில் கேன்டீன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, பூட்டைப் பற்றியும் நோட்டைப் பற்றியும் புகார் எழுதினேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஐந்து வாரம்தான் பாக்கி. எழுதிவிட்டு நிமிர்ந்தால், இவர் டீயோடு பக்கத்திலேயே நிற்கிறார். ஆனால் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு, சுவரில் ஏதோ படம் ஓடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போயிற்று. கேட்டால் சொல்லிவிடுகிற மனிதர். மத்தியானம் அவர் அறைக்கே போய், "அண்ணா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன்.

"சொல்லாத."

"இல்லண்ணா, காலைல நான்..."

"ஏம்மா, தமிழ்லதானே சொல்றேன்? சொல்லாத. சொன்னா அது எனக்கு வந்து சேர்ந்த லெட்டர் ஆயிடும். போ, போய் டேப்பு ஒட்டு" என்று கதவைச் சாத்திவிட்டார்.

எச்.ஆர். மேனேஜருக்கு என் புகார் போய்ச் சேர்ந்தது. எங்கே தேடியும் டோக்கன் நம்பர் இல்லை. அனுப்புநர் இடத்தில் கம்பெனி பெயர்தான் இருந்தது. இவரைக் கூப்பிட்டு, "யார் அனுப்பினது?" என்று கேட்டதற்கு, "நம்ம சைட்டுதான் சார் அனுப்பிச்சி" என்றாராம். கோபம் தலைக்கேறிய மேனேஜர் உட்கார்ந்து நேராக ரிப்ளையை அமுக்கினார். பதில் எந்த விலாசத்துக்குப் போகிறது என்று மேலே ஒரு தடவை கண்ணை ஓட்டியிருக்கலாம். பெரிய மனிதர்கள் மேலே பார்ப்பதில்லை. எழுதினார்: "நினைத்தபோதெல்லாம் எழுந்து போக இது உன் மாமியார் வீடா? உன்னைப் போல ஆயிரம் பேர் கேட்டில் நிற்கிறார்கள். நீ யாரென்று இரண்டு நாளில் கண்டுபிடித்து வெளியே தள்ளுவேன்."

பதில்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும் என்று சர்க்குலர் சொன்னதல்லவா? அதன்படி இவர் ரிப்ளை-டு வரியில் கேட்டில் இருக்கும் டைம் ஆபீஸ் விலாசத்தைத்தான் போட்டிருந்தார். அங்கே மெயில் வந்தால் பிரிண்ட் எடுத்து ஒட்டச் சொல்லி செக்யூரிட்டிக்கு உத்தரவு. செக்யூரிட்டி ஆந்திர எல்லையை ஒட்டிய ஆரம்பாக்கத்துத் தெலுங்குக்காரர், தமிழ் படிக்க வராது. பதிலுக்குக் கீழேயே வந்த என் புகாரோடு சேர்த்துச் சின்சியராகப் பிரிண்ட் எடுத்து, அன்றைய சாப்பாட்டு மெனுவுக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் பின் குத்தி ஒட்டினார். இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறியபோது கேட்டில் ஒரே கூட்டம். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் போனில் படம் எடுத்தார்கள். மேனேஜர் ஓடி வந்து கிழிப்பதற்குள் படம் எங்கெங்கோ போய்விட்டது. செக்யூரிட்டியிடம் பாய்ந்தார். "எனக்கு இன்னா நைனா தெரியும்? பேப்பர் வந்துச்சி, ஒட்டினேன்" என்றார் அவர்.

மறுநாள் பத்து மணிக்குக் கம்பெனி வாசலில் கார் வந்து நின்றது. முதலாளியம்மா. அதுவரை ஹெட்டரில் மட்டுமே இருந்தவரை அன்றுதான் நேரில் பார்த்தோம். ஆபீஸ் பக்கமே திரும்பாமல் நேராகப் பேக்கிங் பிரிவுக்கு வந்து, "லேடீஸ் டாய்லெட் எங்கம்மா?" என்றார். பூட்டியிருந்தது. சாவி கேட்டார். சூப்பர்வைசர் பதறிப்போய்ச் சாவியை நீட்டினார். பழக்க தோஷம், கூடவே நோட்டையும் நீட்டி, "மேடம், இதுல ஒரு கையெழுத்து" என்றார். பன்னிரண்டு பேரும் டேப்பு ஒட்டுவதை நிறுத்திவிட்டோம். அந்த அம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பேனாவை வாங்கினார். பெயரை எழுதினார். "வர்ற நேரம் இப்பவே போடணுமா, போய்ட்டு வந்து போடலாமா?" என்று கேட்டார். சூப்பர்வைசருக்கு வேர்த்துக் கொட்டியது. மத்தியானம் பூட்டு இல்லை, சாயங்காலம் தாழ்ப்பாள்கூடப் புதிதாக மாற்றியிருந்தார்கள்.

நாங்கள் சிரித்த சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி அறையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. நோட்டை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்கள். உள்ளே மேனேஜர் உட்கார்ந்திருந்தார், இவர் நின்றிருந்தார். நான் நோட்டைக் கொடுத்துவிட்டு, போகச் சொல்லாததால் நின்றேன். முதலாளி வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்ட முகத்தோடு இருந்தார்.

"எழுதினது யாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று இவரைக் கேட்டார்.

தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் எதுவும் சொல்லவே இல்லையே. கதவைச் சாத்தித் துரத்தினாரே.

"தெரியும் சார்" என்றார்.

"யாரு?"

"சொல்ல மாட்டேன் சார்."

இவர் என் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளி இன்னும் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதே பதில். தெரிந்தும் சொல்லாத ஆள் கம்ப்யூட்டர் அறையில் இருக்கக் கூடாது, இந்த மாதத்தோடு கணக்கை முடித்துக்கொள் என்றார் முதலாளி. "சரி சார்" என்று சொல்லிவிட்டு இவர் வெளியே போனார். நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இதை எத்தனை முறை நினைத்தாலும் என் முகம் எரிகிறது.

மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை. வருந்துகிறேன் என்று அரைப் பக்கம் எழுதி ஒட்டினார், அவ்வளவுதான்.

மாதக் கடைசி நாள் சாயங்காலம் கேட்டில் அவரைப் பிடித்தேன். தோளில் சாப்பாட்டுப் பையோடு பஸ்ஸுக்கு நின்றிருந்தார். என் வேன் கிளம்பத் தயாராக ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணா, நான் போய்ச் சொல்லிடறேன். நான்தான்னு."

"சொன்னா உன் வேலையும் பூடும், என் வேலையும் திரும்பாது. ரெண்டு பேரும் ஊட்ல குந்திக்கினு இன்னா பண்றது?"

"தெரியாதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம் இல்ல?"

"தெரியுமே. சொவத்துப் பக்கம் திரும்பிக்கினா மட்டும் தெரியாம பூடுமா?"

"எனக்குப் பயமா இருந்துச்சிண்ணா. அதான் அன்னிக்குப் பேசல." எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கோபமெல்லாம் இல்லை, கணக்குத் தெரியாத பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. "எழுதறப்போ மட்டும் தகிரியமாவா எழுதின? பயந்துக்கினேதானே எழுதின? எழுதினியா இல்லியா? அப்டியே பயந்துக்கினே இரு. போ, வேன் வுட்ருவான்."

போய் ஏறிக்கொண்டேன். பெரியபாளையம்வரை தூங்கவில்லை. அடுத்த மாதம் எனக்கு வேலை நிரந்தரமானது. அவர் பொன்னேரியில் சின்னதாக ஒரு கடை போட்டு, பக்கத்துக் கம்பெனிகளுக்கு மெயில் வேலை செய்து கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்கக் கூச்சமாக இருந்தது, போகவில்லை. நான் இன்னும் அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். இந்த வருஷங்களில் குடிதண்ணீருக்காக ஒன்று, வேனுக்காக ஒன்று, சூப்பர்வைசர் ஒருத்தியை அடிக்கக் கைநீட்டியதற்காக ஒன்று என்று மூன்று புகார் எழுதியிருக்கிறேன். மூன்றையும் பயந்துகொண்டேதான் எழுதினேன். மூன்றிலும் என் பெயர் இருக்கிறது.